உயிரோடிருப்பவர்களின் எழுத்து

இதில் யாருடைய பெயரும் வராது. அடுத்தவர்களின் பெயர்களைத் தங்கத்தில் முக்கி, நெருப்பில் வாட்டி, வானத்திலிருந்து இறக்கிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. எழுத உட்காரும்போதாவது பெயர்களுக்கு லீவு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஓசூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து டைட்டில் போடுகிறேன். கல்யாணத்துக்கு எதற்கு டைட்டில் என்று கேட்பவர் இந்தப் பக்கத்துக்காரராக இருக்க மாட்டார். இங்கே வரவேற்பன்று மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறுவதற்கு முன்னால், மேடையின் பின்புறம் நிற்கும் எல்இடி திரையில் ஒரு சினிமா தொடங்கும். தொடக்கம் மட்டும்தான், சினிமா வராது. முதலில் குலசாமி. பிறகு காலமான பெரியவர்கள். பிறகு பெற்றோர், தாய்மாமன், பங்காளிகள். கடைசியாக மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இரண்டு பக்கமிருந்தும் லாரி மாதிரி வந்து மோதும். மோதிய இடத்தில் ஓர் இதயம் வெடிக்கும். உடனே புகை விடுவார்கள், ஜோடி உள்ளே வரும். அதுவரை இருமாமல் இருந்தவர்கள் எல்லோரும் இருமத் தொடங்குவார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நாட்றாம்பாளையத்து மலையிலிருந்து ஓசூருக்கு இறங்கி வந்து, வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஸ்டுடியோவில் விளக்குத் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். தூக்குவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. கல்யாண வீட்டில் விளக்குப் பிடிக்கிறவன் வாயைத் திறக்கவும் வேண்டும் என்பதுதான் கஷ்டம். "மாமா கொஞ்சம் தள்ளுங்க", "அத்த சிரிங்க" என்றெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. நான் தள்ளச் சொல்லாததால் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டிய காட்சி முழுக்க ஒரு பெரியவரின் முதுகாகப் பதிவானது. நல்ல அகலமான முதுகு. முதலாளி என்னைவிட இளையவர், திட்டத் தெரியாதவர். "நீங்க ஆளுங்க இல்லாத எடமா பாத்து ஒக்காந்துக்கங்கணா" என்று பின்னறையைக் காட்டினார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

டைட்டில் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்ட இடம் தியேட்டர். ஓசூர் தியேட்டர்களில் ஒரே வாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓடும். எல்லாவற்றுக்கும் போவேன். மற்றவர்கள் பாப்கார்னோடு, செல்போன் வெளிச்சத்தில் சீட்டைத் தேடி, என் காலை மிதித்துக்கொண்டு வரும் நேரம்தான் என்னுடைய படம் ஓடும் நேரம். பெயர்கள் முடிந்து கதை தொடங்கினால் எனக்குக் கண் சொருகிவிடும். என் மனைவி ஒருமுறை என்னோடு வந்தாள். "தூங்கறதுக்கு நம்ம வீட்லயே எடம் இருக்குது" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சினிமா எழுத்துக்குச் சில கட்டாயங்கள் உண்டு. பேய்ப் படம் என்றால் எழுத்துக்குக் குளிர்ஜுரம் வந்தாக வேண்டும். காதல் படத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, அந்த இடத்தில் பட்டாம்பூச்சி உட்காரும். கிராமத்துப் படமா, ஏதோ ஓர் எழுத்தின் வாலைப் பிடித்து இழுத்து அரிவாளாக அடித்துவிடுவார்கள். தமிழ் எழுத்துக்கு இத்தனை வால் வைத்ததே அரிவாளுக்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் அந்த வசதி இல்லை. ஜிலேபிக்கு எங்கே முனை வைப்பது? அதனால் அவர்கள் எழுத்தைப் பாறையில் செய்து, விரிசல் விட்டு, உள்ளே தீ மூட்டிவிடுகிறார்கள். கதாநாயகன் பெயர் மட்டும் மூன்று மொழியிலும் ஒரே மாதிரிதான் வரும், வெல்டிங் பொறி பறக்க ஒவ்வோர் எழுத்தாக ஒட்டிக்கொண்டு. நாளெல்லாம் ஷிஃப்டில் வெல்டிங் அடித்தவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அதற்கும் விசிலடிப்பான். டைரக்டர் பெயர் கடைசியில், ஏதாவது ஒன்று வெடித்த பிறகு, தனியாக நிற்கும். விளக்குத் தூக்கியவர்களின் பெயர்கள் டவுன் பஸ் கூட்டம் மாதிரி வந்து, முகம் தெரிவதற்குள் போய்விடும். நான் அவர்களைத்தான் தேடிப் படிப்பேன்.

ஒரே ஒரு படத்தில் வேறு மாதிரி பார்த்தேன். படத்தின் பெயர் கறுப்புத் திரையின் நடுவில், சின்னதாக, வெள்ளையாக, சத்தமே இல்லாமல் வந்து நின்றது. வெடிக்கவில்லை, சுழலவில்லை. தியேட்டரில் எல்லோரும் மெஷின் நின்றுவிட்டதென்று நினைத்துக் கத்தினார்கள். எனக்கு மட்டும் யாரோ பக்கத்தில் வந்து தோளைத் தொடாமல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. படம் மோசம். ஆனால் அந்த எழுத்தை நான் மறக்கவில்லை. பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அந்த எழுத்துதான் காரணம்.

கல்யாண டைட்டிலுக்கு வருகிறேன். அதில் ஒரே ஒரு சட்டம்தான் மீற முடியாதது. காலமானவர்களின் பெயர் அசையக் கூடாது. கறுப்புப் பின்னணியில், ஓர் அகல் விளக்கு பக்கத்தில் எரிய, வெள்ளை எழுத்து மெல்ல வந்து, நின்று, மெல்லப் போகும். உயிரோடிருப்பவர்களின் பெயர் அசைந்தே ஆக வேண்டும். சுற்ற வேண்டும், மின்ன வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து ஓடியாவது வர வேண்டும். படுக்கையில் கிடந்த ஒரு தாத்தாவின் பெயரை நான் குட்டிக்கரணம் போட வைத்திருக்கிறேன். வீட்டில் புரண்டு படுக்க முடியாதவர் திரையில் அப்படிப் பாய்ந்ததைப் பார்த்து அந்தக் குடும்பத்துக்கு ரொம்பத் திருப்தி.

இந்த நிலையில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது.

அக்காவும் எங்களைப் போல மத்திகிரியில்தான் வாடகைக்கு இருக்கிறாள். ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை. அவள் கணவர், என் மாமா, காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மகளை அவள் ஒருத்தியாகத்தான் ஆளாக்கினாள். மாப்பிள்ளை வீட்டார் சூளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். அப்பா இல்லாத பெண் என்பதால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் யாரும் என்னைப் பார்த்ததில்லை. நிச்சயத்தன்று அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் பின்பக்கம் சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தட்டு மாற்றக் கூப்பிட்டபோது கண்ணெல்லாம் நீராக இருக்கிறதென்று சொல்லிப் பெரியப்பா மகனை அனுப்பிவிட்டேன். கண்ணில் நீர் இருந்தது உண்மைதான்.

டைட்டில் எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தன் எழுத்தைத் தானே பார்த்துச் சொல்ல வேண்டுமென்று ஒருநாள் நேரில் வந்தார். போர்வெல் லாரி வைத்திருப்பவர். ஆளும் லாரியும் ஒரே அளவு. வந்ததும் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிங்கம் வேணும்" என்றார்.

"நடக்கற சிங்கமா, கத்தற சிங்கமா?"

"கத்தறது. ஆனா என்னப் பாத்துக் கத்தக் கூடாது. எனக்குப் பின்னாடி நின்னுக்கினு சனங்களப் பாத்துக் கத்தணும்."

"சரிங்க."

"பேரு தண்ணிலேருந்து எழும்பணும். நம்ம தொழிலு அதுதான."

நான்தான் பெண்ணின் மாமன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டிப் பிடிப்பார், டீ சொல்வார், தோளில் கைபோட்டு போட்டோ எடுப்பார். எழுத்து எந்த மொழியில் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் என்றார். நான் செய்து கொடுத்த டைட்டிலில் பூமியைப் பிளந்துகொண்டு தண்ணீர் பீய்ச்ச, அதிலிருந்து அவர் பெயர் மூன்று மொழியிலும் எழும்ப, பின்னால் சிங்கம் கத்த, கறுப்புக் கண்ணாடியோடு லாரியிலிருந்து அவர் மெதுவாக இறங்கினார். இந்தப் பக்கத்து நிலங்களில் அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

இந்தச் செய்தி அக்காவுக்கு எப்படியோ போய்விட்டது. சாயங்காலம் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் ரோஜா முள் கீறிய கோடுகள்.

"டேய், அவங்க மாமனுக்கு சிங்கம் வெச்சிருக்கியாம?"

"கேட்டாங்க, வெச்சன்."

"உனுக்கு என்னா வெச்ச?"

"எனுக்கு எதுக்குக்கா."

"எதுக்காவா? மாப்பள மாமன் சிங்கத்தோட வருவான். பொண்ணு மாமன் எங்கன்னு கேட்டா, வெங்காயம் உரிக்கறான்னு சொல்றதா? ஆம்பள இல்லாத வீடுன்னு ஏற்கெனவே அவங்க வீட்ல ஒரு பேச்சு இருக்குது."

என் மனைவி உள்ளேயிருந்து, "சிங்கத்து மேல ஒக்கார வெச்சாலும் எறங்கி ஓடிருவாரு அண்ணி" என்றாள்.

"நீ நடந்து வரணும், கேமராவுல. கண்ணாடி போட்டுக்கினு" என்றாள் அக்கா.

நான் சுவரைப் பார்த்தேன். கேமரா முன்னால் நடப்பதை நினைத்தாலே எனக்கு எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பதென்று மறந்துவிடும்.

"எங்கிட்ட உட்ரு. பேரு நல்லா வரும்" என்றேன்.

"அவங்க மாமனுக்குக் கொறையாம?"

"கொறையாம."

நம்பிப் போனாள். நானும் நம்பித்தான் சொன்னேன். சிங்கத்துக்கு எதிரே இன்னொரு சிங்கத்தை நிறுத்தினால் அது மிருகக்காட்சி சாலை. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு ஒரு கறுப்புத் திரை, அதில் 'பெண்ணின் தாய்மாமன்' என்று ஒரு வரி, கீழே என் பெயர், சின்னதாக, வெள்ளையாக, சத்தமே இல்லாமல். பார்த்தவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். மூச்சை அடக்கத்தான் செய்தார்கள்.

கல்யாண மண்டபம் சூளகிரியில், நெடுஞ்சாலை ஓரம். மேலே மேடை, கீழே பந்தி. டைட்டில் ஓடும் நேரம் நெருங்கியதும் நான் கீழே இறங்கிவிட்டேன். என் பெயரை ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் நான் எதற்கு? பரிமாற ஆள் குறைவாக இருந்ததால் ரச வாளியைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேலே டிரம் சத்தம் கேட்டது, பிறகு சிங்கம் கத்தியது, விசில் பறந்தது. பிறகு சத்தமே இல்லை. என் எழுத்து வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அமைதி நான் வைத்ததைவிட நீளமாகப் போனது. பிறகு படியில் ஆட்கள் இறங்கி வரும் சத்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து என் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"பொண்ணு மாமா போயிட்டாரு போல" என்றார் ஒருவர், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

"எப்ப?"

"தெர்ல. பேரு மட்டும் போட்டாங்க. பாபம், ஒரு போட்டோ கூட இல்ல."

"போட்டோ கூடவா எடுத்து வெக்கல?"

"அந்தப் பொம்பளைக்கு புருசனும் இல்ல, கூடப் பொறந்தவனும் இல்ல. நான் எழுந்து நின்னு கும்புட்டுட்டுத்தான் வந்தன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடியில கலக்கி ஊத்துப்பா. மேலாப்புல தண்ணியா இருக்குது."

கலக்கி ஊற்றினேன். ஒருவன் தன் சாவுச் செய்தியைக் கேட்டுக்கொண்டே செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண மண்டபத்தில் யாரும் எழுத்தை மட்டும் படிப்பதில்லை. எழுத்து எப்படி வருகிறது என்பதைத்தான் நம்புகிறார்கள். 'காலஞ்சென்ற' என்று போடாதது யார் கண்ணிலும் படவில்லை. அதே திரையில், சற்று முன்னால், அக்கா கணவரின் பெயர் அதே கறுப்பில், அதே வெள்ளையில் அசையாமல் நின்றுவிட்டுப் போயிருந்தது. பக்கத்தில் விளக்கு இல்லாதது ஒன்றுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

அக்கா படியில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேல வா" என்றாள்.

"அக்கா, இந்த வாளிய—"

"வாளிய வெச்சிட்டு மேல வா. மாப்பள அத்த எழுந்து நின்னுக்கினு இருக்குது. வீட்ல சாவ மறச்சி கல்யாணம் பண்றீங்களான்னு கேக்குது. தீட்டு கழியாத வீட்ல எப்பிடிப் பொண்ணு எடுக்கறதுன்னு கேக்குது. பொண்ணு ரூம்ல அழுவறா."

வாளியை வைத்துவிட்டுப் போனேன். மேடை ஓரத்தில் மாப்பிள்ளையின் அத்தை நின்றுகொண்டிருந்தார். அப்பா கூடப் பிறந்தவர். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் பேச்சு என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. முதலாளி அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "அது புது டிசைன்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"புது டிசைன்ல ஆளு செத்துருவாங்களா?" என்றார் அத்தை.

"வதினா, இதோ, இவன்தான் என் தம்பி" என்று அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். சம்பந்தம் பேசியதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் தெலுங்கு முறையில் வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அத்தை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தோளில் துண்டு, சட்டையில் ரசம்.

"ஏமி இது. இவரு பந்தியில ஊத்தறவரு இல்ல?"

பின்னால் நின்ற ஒருவர், "ஆமாக்கா, எனக்கு இவருதான் ஊத்தினாரு" என்று சாட்சி சொன்னார்.

போர்வெல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"அட, இவர எனக்குத் தெரியும்" என்றார். "ஸ்டுடியோவுல வேல செய்யறவரு. என் சிங்கத்த இவருதான் செஞ்சாரு."

அத்தை அக்காவின் பக்கம் திரும்பினார். "பந்தியில இருந்தவர, ஸ்டுடியோக்காரரக் கூட்டியாந்து தம்பின்னு காட்டறியா வதினா? செத்த மனுசனுக்கு ஆள் மாத்தறியா?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். அத்தனை முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடைய எழுத்தைப் போலவே நானும் அசையாமல், சத்தமில்லாமல் நின்றேன்.

அக்கா என் கையை விட்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

"வாயில என்னாடா கொழுக்கட்டையா? சின்ன வயசுலேருந்து இதே எழவு. விருந்தாளி வந்தா கட்டிலுக்கடியில. பொண்ணு பாக்கப் போனா வேப்பமரத்துக்குப் பின்னாடி, பொண்டாட்டியே போயி உன்ன தேடி இட்டாந்தா. எம் புருசன் எழவுக்கே மூலையில நின்னுக்கினு இருந்தவன். அவங்க மாமனுக்கு ஊருக்கே தெரியற மாரி சிங்கம், உனுக்கு மட்டும் எழவு வீட்டு எழுத்து. ஒரு நாளு நீ செத்தா போட்டுக்கலாமே, இன்னைக்கே என்னாடா அவசரம்? எம் பொண்ண யாருடா தாரை வாப்பான்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. என் மனைவி இடையில், "வேப்பமரம் இல்ல அண்ணி, புளியமரம்" என்று திருத்தினாள்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"சரி வதினா, போதும்" என்றார். "கூலி ஆள யாரும் இப்பிடித் திட்ட மாட்டாங்க. கூடப் பொறந்தவன்தான்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அத்தை உட்காரவில்லை.

"நான் நம்பிட்டன். இந்த மண்டபத்துல இருக்கற சனங்க? நாளைக்கு ஊர்ல என்னா சொல்வாங்க? செத்த மாமன் தாரை வாத்த கல்யாணம்னு சொல்ல மாட்டாங்களா? தெரையில செத்தவர தெரையிலயே எழுப்புங்க. அப்பறம் ஜோடி வரட்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு முன்னாலேயே கேமராமேனுக்குப் புரிந்துவிட்டது. "படிக்கட்டுலேருந்து நடந்து வாங்கணா. ஒரே டேக்" என்றான்.

வேறு வழியில்லை. அக்காவின் மகள் அறையில் காத்திருந்தாள். கீழே போனேன். யாரோ ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, முதல் படியிலேயே இடறினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். போர்வெல்காரர் தன் கழுத்துப் பட்டுத் துண்டை எடுத்து, சட்டையில் இருந்த ரசத்தை மறைக்கிற மாதிரி எனக்குப் போட்டுவிட்டார்.

"கீழ பாக்காதீங்கணா, என்னப் பாருங்க" என்றான் கேமராமேன்.

அவனைப் பார்க்க முடியவில்லை. கேமராவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். அவளைப் பார்த்தேன். இன்னும் திட்டு பாக்கியிருப்பவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு படியாக, எந்தக் கால் எது என்று யோசிக்காமல்.

பிறகு மேடைக்குப் பக்கத்தில் இருந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்ததும் என் விரல்கள் தானாக வேலையைத் தொடங்கின. புதிதாக ஒன்று செய்ய நேரமில்லை. கையிலிருந்தது ஒரே சிங்கம்.

"இது உங்க சிங்கம்ங்க" என்று போர்வெல்காரரிடம் சொன்னேன். அன்று நானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"எடுத்துக்கங்கணா. கத்தினா தேஞ்சா போயிரும்?" என்றார்.

அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை வைத்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது. மாற்ற நேரமில்லை. தெலுங்கில் என் பெயரை எப்படி எழுதுவதென்று தெரியாமல் நிறுத்தினேன். அத்தையே குனிந்து பார்த்து, மாப்பிள்ளையின் தங்கையைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். கன்னடத்தை விட்டுவிட்டோம். கர்நாடகத்தில் மட்டும் நான் செத்தவனாக இருந்துகொள்ளலாம் என்று முதலாளி சொன்னார்.

விளக்கை அணைத்தார்கள். டிரம் அடித்தது. திரையில், ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன், அடுத்தவரின் பட்டுத் துண்டோடு, படிகளில் மெதுவாக ஏறி வந்தான். ஸ்லோமோஷனில் என் கூச்சம் நிதானம் மாதிரித் தெரிந்தது. எனக்கே தெரியாத ஒரு ஆள். அவன் கண் கேமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் தள்ளி எதையோ பார்த்தது. சனங்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள், விசில் பறந்தது. பூமி பிளந்தது, என் பெயர் தண்ணீரிலிருந்து எழும்பியது, சிங்கம் கத்தியது. எழுந்து நின்று கும்பிட்ட அந்தப் பெரியவர் பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்கவில்லை. ரசத்தைப் பற்றியாகத்தான் இருக்கும்.

அத்தை உட்கார்ந்தார். புகை விட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணின் கண் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டும்போது, "உசுரோட இருக்கியா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் நானும் என் மனைவியும் தாரை வார்த்தோம். செம்பிலிருந்து தண்ணீர் விடும்போது என் கை ஆடியதாக மனைவி சொல்கிறாள். ஆடியிருக்கலாம். அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆடுகிற கையைப் பார்த்து அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "அந்தா, அவருதான் வதினா தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடியோவை முழுசாக எடிட் செய்து கொடுக்கும் நேரத்தில் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். பின்னறையில் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். சிங்கம் கத்தியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சம்பந்தி வீட்டில் இப்போது அவளுக்கு நல்ல மரியாதை. ஏதாவது பேச்சு வந்தால் அத்தையே, "அவ தம்பிய அவ திட்டின திட்டு கேட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிக்கிறாராம். சிங்கம் வைத்தவனைவிட அவனைத் திட்டியவளுக்குத்தான் பெயர்.

"அந்தக் கறுப்ப எடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டன். வீடியோவுல இருக்காது."

"ஒருவாட்டி காட்டு."

போட்டேன். கறுப்புத் திரை. மேலே ஒரு வரி. கீழே என் பெயர். சத்தமில்லை. அவள் சிரிக்கவில்லை. முழுக்கப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டா இருக்குது" என்றாள். "அழிச்சிறாத. பத்திரமா எடுத்து வெய்யி. உண்மையிலயே ஆவும்போது இதையே போட்டுக்கலாம்."

எடுத்து வைத்திருக்கிறேன். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியும். அகல் விளக்கு மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும்.